தண்ணீர் ஃபோர்ஸாக வரவில்லையா? அழுத்தம் வேறு, வரத்து வேறு

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீடு மூன்று தளம். கீழே நாங்கள், மேலே இரண்டு குடித்தனம். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் சுமார் மூன்று மணி நேரம் வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் இரண்டு புகார்கள் வந்தன. தரைக்கடித் தொட்டியான சம்ப் பாதிகூட நிறையவில்லை என்று மாமியார் சொன்னார். மேல்மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பெண், "அக்கா, ஷவர்ல ஃபோர்ஸே இல்ல. ஷாம்பு போட்டா அலசுறதுக்குள்ள காலேஜுக்கு டைம் ஆயிடுது" என்றாள். வந்த பிளம்பர் இரண்டையும் கேட்டுவிட்டு ஒரே மருந்து சொன்னார்: "மோட்டார் போட்டுடலாம்க்கா."

நல்லவேளை, அன்றைக்குக் கையில் பணம் இல்லை. பணம் சேரும்வரை எங்கே என்ன கோளாறு என்று நானே பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு புகாருக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றுக்குக் குழாய் மாற்ற வேண்டியிருந்தது, இன்னொன்றுக்கு மொட்டைமாடியில் வேலை இருந்தது. பிளம்பர் சொன்ன மோட்டார் முதல் புகாருக்குத் தவறான மருந்து மட்டும் இல்லை, ஆபத்தான மருந்தும்கூட. அதைப் பின்னால் சொல்கிறேன்.

குழப்பம் 'ஃபோர்ஸ்' என்ற சொல்லில் தொடங்குகிறது. நாம் எல்லோரும் அதைத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று அழுத்தம், அதாவது தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறத் தெம்போடு இருக்கிறது என்பது. மற்றது வரத்து. ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வந்து சேர்கிறது என்பது அது.

தோட்டத்து ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் முக்கால்வாசி அடைத்துப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு பத்தடி தூரம் போகும். பார்க்க நல்ல ஃபோர்ஸ். ஆனால் அதே தண்ணீரை வாளியில் பிடித்தால் விரலை எடுத்துவிட்டுப் பிடிப்பதைவிட அதிக நேரம் ஆகும். இதற்கு நேர்மாறானது ஏரி மதகு. தண்ணீர் சத்தமில்லாமல் மெதுவாக நகர்கிறது, ஆனால் ஏக்கர் கணக்கில் வயலை நிரப்புகிறது. முதலாவதில் வேகம் இருக்கிறது, வரத்து இல்லை. இரண்டாவதில் வரத்து இருக்கிறது, பீய்ச்சும் தெம்பு இல்லை. உங்கள் வீட்டில் குறைவது எது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் அது குருட்டு அதிர்ஷ்டம்தான்.

அழுத்தத்தை உயரத்தால் அளப்பதுதான் எளிது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் நிற்கும் குழாயின் அடியில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு). பிளம்பர்கள் 'ஒரு கிலோ பிரஷர்' என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதுவேதான். ஒரு மீட்டர் உயரம் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் போதும், வீட்டுத் தண்ணீர் விவகாரத்தில் பாதி புரிந்துவிடும்.

தண்ணீர் நம் தெருவுக்கு எப்படி வருகிறது

1896-இல் ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் சேர்ந்தது. ஊர் வளர்ந்த வேகத்துக்கு அவை போதவில்லை. 1974-இல் முதல் காவேரித் திட்டம் வந்தது, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் வரை. மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்த தண்ணீர் சுமார் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, மூன்று இடங்களில் பம்ப் செய்யப்பட்டு, ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் மேலே ஏறி நகரத்துக்கு வருகிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதே, ஏறித்தான் ஆக வேண்டும்.

ஐந்நூறு மீட்டர் ஏறி வந்த தண்ணீர் என் வீட்டு மாடிக்கு ஒன்பது மீட்டர் ஏற மறுப்பது ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பம்புகளின் தெம்பெல்லாம் ஏற்றத்திலேயே செலவாகிவிடுகிறது. நகரத்துக்குள் வந்ததும் தண்ணீர் நீர்த்தேக்கத் தொட்டிகளில் இறங்குகிறது. அங்கிருந்து நம் தெருவுக்கு வருவது பெரும்பாலும் தானாக இறங்கி வரும் தண்ணீர். அந்தத் தொட்டிக்கும் நம் வாசலுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் மூலதனம். வழியில் குழாய்ச் சுவரோடு உரசுவதில் கொஞ்சம் போகும், கசிவில் கொஞ்சம் போகும், நமக்கு முன்னால் இருக்கும் வீடுகள் பிடிப்பதில் கொஞ்சம் போகும்.

தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமடை, கடைமடை என்று அவர்கள் சொல்வது இதுதான். அதே காவேரிக்குப் பெங்களூருத் தெருக்களிலும் தலைமடை வீடு உண்டு, கடைமடை வீடு உண்டு. தெருவின் முதல் பத்து வீடுகள் குழாயைத் திறந்து வைத்திருக்கும்போது கடைசி வீட்டில் காற்றுதான் வரும். அவர்கள் சம்ப் நிறைந்து வால்வ் மூடிய பிறகு, எட்டு மணிக்கு மேல், இங்கே தண்ணீர் சுறுசுறுப்பாகும். மேடு பள்ளமும் கணக்கில் வரும். பெங்களூரு சமதளமான ஊர் போலத் தோன்றினாலும் அப்படியில்லை. பக்கத்துப் பக்கத்துத் தெருக்களுக்கு இடையே பத்து மீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தால், மேட்டுத் தெருவுக்கு ஒரு பார் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

எவ்வளவு வர வேண்டும் என்று கேட்டால், நம் நாட்டுப் பொறியாளர்கள் பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த மத்திய அரசுக் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு. வீட்டு இணைப்பு கிளம்பும் இடத்தில் ஒரு தள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12 மீட்டர், மூன்று தளத்துக்கு 17 மீட்டர் அழுத்தம் மிச்சமிருக்க வேண்டும். தண்ணீர் நேராக மாடித் தொட்டிக்கே ஏறிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு இது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் வரும் ஊரில் 17 மீட்டரை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் இங்கே வீட்டுக்கு வீடு தரைக்கடியில் சம்ப். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்களே, சம்ப் அதைத்தான் செய்கிறது. தெருவிலிருந்து மெதுவாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மோட்டாரால் மாடிக்கு ஏற்றி, வேண்டியபோது வேகமாகச் செலவழிக்கிறோம்.

ஆகவே நம் வீடுகளில் தண்ணீர்ப் பாதை இரண்டு துண்டு. தெருவிலிருந்து சம்ப் வரை ஒன்று, மாடித் தொட்டியிலிருந்து குழாய் வரை இன்னொன்று. முதல் துண்டில் நமக்கு முக்கியம் வரத்து. சம்ப் தரைக்குக் கீழே இருப்பதால் அதற்கு அதிக அழுத்தம் தேவையில்லை. இரண்டாவது துண்டில் அழுத்தம். அதைத் தருவது தெரு இல்லை, தொட்டியின் உயரம். மேல்மாடி ஷவர் வீக்காக இருந்தால் பெங்களூரு குடிநீர் வாரியத்தைத் திட்டிப் பயனில்லை.

வாளியும் டியூபும்

முதலில் வாளிச் சோதனை. தண்ணீர் வரும் நேரத்தில் தண்ணீர் மீட்டருக்கு அடுத்து இருக்கும் வாசல் குழாயை முழுசாகத் திறந்து, பத்து லிட்டர் வாளியை வைத்து, போனில் நேரம் பாருங்கள். சம்புக்குப் போகும் வால்வை அப்போது மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் இரண்டு பக்கமாகப் பிரியும். எங்கள் வீட்டில் வாளி நிறைய 75 நொடி ஆனது. அதாவது நிமிடத்துக்கு 8 லிட்டர், மூன்று மணி நேரத்துக்கு 1,440 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான பொதுவான அளவு. மூன்று குடும்பத்திலும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், இரண்டு நாளுக்கு 3,240 லிட்டர் வேண்டும். பாதிகூட வரவில்லை. மாமியார் சொன்னது சரிதான்.

அடுத்தது அழுத்தம். கடையில் பிரஷர் கேஜ் கிடைக்கும், வாங்கிப் பொருத்தலாம். நான் செய்தது அதைவிட எளிது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றைப் பக்கத்து வீட்டில் நடந்த வேலையிலிருந்து கடன் வாங்கினேன். அதன் ஒரு முனையைக் குழாயில் கிளிப் போட்டு இறுக்கி, குழாயைத் திறந்துவிட்டு, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். முதல் மாடி வரை டியூபிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே வந்தது. அதற்கு மேல் இரண்டு மூன்று படி ஏற ஏறக் கொட்டுவது குறைந்து, வெறும் ஒழுக்காகி, இரண்டாம் மாடிக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. டியூபுக்குள் தண்ணீர் மட்டம் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ குழாயைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லலாம். குழாயிலிருந்து அந்த இடம் வரை டேப் பிடித்தால் ஆறு மீட்டர். அதுதான் அன்றைக்கு எங்கள் தெரு தந்த அழுத்தம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. டியூபில் தண்ணீர் நல்ல உயரம் ஏறுகிறது, ஆனால் வாளி நிறையத் தாமதம் என்றால், தெருவில் தண்ணீர் தெம்பாகத்தான் இருக்கிறது, உங்கள் வாசலுக்கு வரும் பாதை எங்கேயோ அடைத்திருக்கிறது. டியூபிலேயே ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்தான் ஏறுகிறது என்றால் குறை தெருவில். அப்போது உங்கள் வீட்டுக் குழாயை மாற்றிச் செலவு செய்வதால் பெரிய மாற்றம் வராது. பக்கத்து வீட்டிலும் இதே சோதனையைச் செய்தால் சந்தேகமே இருக்காது. சாயங்காலம் காப்பி குடிக்கப் போகிற சாக்கில் நான் அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். மறுமுறை தண்ணீர் வந்தபோது அவர்கள் வாளி 40 நொடியில் நிறைந்தது.

எங்கள் கோளாறு வீட்டுப் பக்கம்தான் என்பது அதோடு உறுதியாகிவிட்டது.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

தெருவில் போகும் பெரிய குழாயில் ஃபெர்ரூல் என்ற சின்னப் பித்தளைத் துண்டைப் பொருத்தித்தான் நம் இணைப்பை எடுக்கிறார்கள். அதிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் பைப், ஒரு வால்வ், மீட்டர், மறுபடி வால்வ், அப்புறம் சம்புக்குள், நிறைந்ததும் மிதவையால் தானாக மூடிக்கொள்ளும் ஃபுளோட் வால்வ். இந்த வரிசையில் எந்த ஒன்று குறுகினாலும் மொத்த வரத்தும் அந்தக் குறுகலின் அளவுக்கு வந்துவிடும்.

எங்கள் சர்வீஸ் பைப் மாமனார் காலத்து ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அரை இன்ச். வாரியத்துக்குச் சொல்லி, உரிமம் உள்ள பிளம்பரை வைத்து அதைத் தோண்டி எடுத்தோம். வெளியே பார்க்கத் திடமாக இருந்தது. ஒரு முழத் துண்டை அறுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். உள்ளே துரு செங்கல் நிறத்தில் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, நடுவில் கோணல்மாணலாக ஒரு சந்து மட்டும் மிச்சமிருந்தது. பையனின் பென்சிலை விட்டுப் பார்த்தேன், பாதி தூரம் போய்ச் சிக்கிக்கொண்டது. கையால் தட்டினால் செதில் செதிலாகக் கொட்டியது. இத்தனை வருடம் இதன் வழியாகத்தான் குடித்திருக்கிறோம் என்று நினைத்தபோது வயிற்றைப் புரட்டியது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது யாரும் எதிர்பார்க்காதது. குழாயின் அகலம் பாதியானால் வரத்து பாதியாகும் என்று நினைப்போம். அப்படி ஆகாது. அதே அழுத்தத்தில் குழாயின் உள்விட்டத்தை இருமடங்காக்கினால் வரத்து சுமார் ஆறு மடங்காகும். முக்கால் இன்ச் குழாய் அரை இன்ச் குழாயைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீர் கொண்டுவரும். திருப்பிப் பார்த்தால், 15 மில்லிமீட்டர் குழாய் துருவால் 9 மில்லிமீட்டராகச் சுருங்கினால் கிடைப்பது பழைய வரத்தில் கால்பங்குதான். அகலம் குறையும்போது இடம் குறைவதோடு, தண்ணீர் சுவரில் உரசும் பங்கும் ஏறிவிடுகிறது. மடை வாய் அடைத்த வாய்க்காலை யாரும் ஏற்றம் போட்டுச் சரிசெய்வதில்லை. மண்வெட்டியால் வாயை அகலப்படுத்துவார்கள்.

மீட்டர் வரைக்கும் துரு பிடிக்காத எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் பைப்பும், மீட்டருக்கு அப்புறம் சம்ப் வரை ஒரு இன்ச் பைப்பும் போட்டோம். இரண்டு இடத்தில் தேவையில்லாமல் வளைந்து போயிருந்த எல்போக்களை எடுத்து நேராக்கினோம். பழைய கேட் வால்வை எடுத்துவிட்டு முழுசாகத் திறக்கும் பால் வால்வ் போட்டோம். பழைய கேட் வால்வில் ஒரு தொல்லை உண்டு. மேலே கைப்பிடி சுற்றும், உள்ளே தட்டு கழன்று பாதியில் தொங்கும். திறந்திருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

அடுத்த தண்ணீர் நாளில் அதே வாளி 35 நொடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 17 லிட்டர், மூன்று மணி நேரத்துக்கு மூவாயிரத்துக்கும் மேல். மின்சாரம் ஒரு யூனிட்கூட இல்லை.

குழாயைத் தோண்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய மலிவான இடங்களும் இருக்கின்றன. மீட்டரின் நுழைவாயில் ஒரு சின்ன வலை இருக்கும். தெருவில் பள்ளம் தோண்டிக் குழாய் மாட்டிய பிறகு மணலும் துருத் துகளும் வந்து அதில் அடைத்துக்கொள்வது சகஜம். மீட்டரில் சீல் இருந்தால் நீங்களே பிரிக்காதீர்கள், வாரிய ஆளைக் கூப்பிடுங்கள். சம்புக்குள் இருக்கும் ஃபுளோட் வால்வைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியே ஒரு இன்ச் குழாய் வந்தாலும், சில வால்வுகளின் உள்ளே தண்ணீர் வரும் துளை சுண்டுவிரல் நுழையாத அளவு இருக்கும். அதிக அழுத்தத்துக்கு என்றே செய்தவை அவை. குறைந்த அழுத்தத்துக்கான, துளை பெரிதான வால்வ் கேட்டு வாங்குங்கள். மிதவையின் கை வளைந்து தண்ணீரில் படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தெருவிலேயே அழுத்தம் குறைவு என்றால் உயரத்தைக் கவனியுங்கள். மீட்டரைத் தரைக்கு மேல் மூன்றடி தூக்கி, அங்கிருந்து மறுபடி இறக்கி சம்புக்குக் கொண்டுபோகும் வீடுகள் நிறைய. தெரு தருவதே ஒன்றரை மீட்டர் என்றால், ஒரு மீட்டர் மேட்டைத் தாண்டவே அது செலவாகிவிடும். பாதையைத் தாழ்வாகவே கொண்டுபோய் சம்பில் இறக்கினால் அதே தெருத் தண்ணீர் கணிசமாகக் கூடுதலாக வரும். ஆனால் இதே காரணத்தால் சிலர் வாசலில் குழி வெட்டி அதற்குள் குழாய் வைக்கிறார்கள். அதை வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாய் காலியாகும்போது, குழியில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். மறுநாள் முதலில் வருவது அதுதான்.

மெயின் லைனில் மோட்டார்

முதல் புகாருக்குப் பிளம்பர் சொன்ன மருந்துக்கு வருவோம். தெருக் குழாயிலிருந்து நேராக மோட்டார் வைத்து இழுப்பது. விதிப்படி தவறு. பிடிபட்டால் மோட்டாரை எடுத்துப் போவார்கள், இணைப்பும் போகும். ஆனால் எனக்குப் பெரிய கவலை அது இல்லை.

தெருக் குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, எங்காவது விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். வீணாகும், அவ்வளவுதான். மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் போல ஆகிறது. அப்போது அதே விரிசல் வழியாக வெளியில் இருப்பது உள்ளே வரும். எங்கள் பக்கத்துக் குறுகிய சந்துகளில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடைக் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில்தான் போகின்றன. உள்ளே வருவது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அது மோட்டார் போட்டவர் வீட்டுக்கும் வரும், கடைமடையில் குழந்தை வைத்திருப்பவர் வீட்டுக்கும் வரும். அந்தக் கடைமடை வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய தண்ணீரைப் பிடுங்குகிறோம் என்பது வேறு. ஒருவர் போட்டால் அடுத்தவர் போடுவார். கடைசியில் தெருவே மோட்டார் போட்டிருக்கும், தண்ணீர் மட்டும் பழைய அளவுதான் இருக்கும்.

மோட்டார் தண்ணீரை உண்டாக்காது. சம்பிலிருந்து மாடிக்கு ஏற்ற வையுங்கள், தொட்டியிலிருந்து ஷவருக்குத் தள்ள வையுங்கள். தெருவோடு சேர்க்காதீர்கள்.

தெருவில்தான் குறை என்று டியூப் சொல்லிவிட்டால் செய்ய வேண்டியது புகார். வாரியத்தின் எண் 1916. "தண்ணி சரியா வரல" என்று மட்டும் சொன்னால் வால்வ்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பில்லில் உள்ள ஆர்.ஆர். நம்பர் (உங்கள் இணைப்பின் எண்), எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, பத்து லிட்டர் நிறைய எத்தனை நொடி, டியூபில் எத்தனை மீட்டர் என்று எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் நான்கு வீட்டு எண்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஃபெர்ரூல் அடைத்திருக்கிறதா, தெரு வால்வ் பாதி மூடியிருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று அவர்கள் தேட அந்த எண்கள் திசை காட்டும்.

மேல்மாடி ஷவர்

இனி கல்லூரிப் பெண்ணின் புகார். எங்கள் சின்டெக்ஸ் மொட்டைமாடியில் ஒரு மீட்டர் மேடையில் இருந்தது. மேல்மாடித் தரையிலிருந்து கூரை மூன்று மீட்டர், மேடையோடு நான்கு. தொட்டியில் அரை மீட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்தால் நாலரை. ஷவர் தரையிலிருந்து 2.1 மீட்டரில். மிச்சம் 2.4 மீட்டர், கால் பார்கூட இல்லை. கீழே எங்கள் குளியலறைக்கு இன்னும் இரண்டு மாடி உயரம், ஆறு மீட்டர், சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் நாங்கள் குறையே இல்லாமல் குளிக்கும்போது மேலே அவள் தவித்திருக்கிறாள். தொட்டிக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குத்தான் அழுத்தம் மிகக் குறைவு.

ஆனாலும் உயரத்தில் கைவைக்கும் முன் சின்ன விஷயங்களைப் பார்த்தோம். ஒரே ஒரு குழாய் மட்டும் வீக் என்றால் பிரச்சினை அந்தக் குழாயில். வாயில் இருக்கும் ஏரேட்டரை, அதாவது தண்ணீரோடு காற்றைக் கலந்துவிடும் சின்ன வலையை, திருகிக் கழற்றுங்கள். போர்வெல் தண்ணீர் கலக்கும் வீடுகளில் உப்பு வெள்ளையாகப் படிந்து கல்லாகியிருக்கும். வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போய்விடும். 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது ஹோட்டல், அடுக்ககம் போன்ற இடங்களில் ஏரேட்டர் பொருத்தச் சொல்லி வாரியம் உத்தரவிட்டது. தண்ணீரை மிச்சப்படுத்தத்தான் அது, அதைக் கழற்றி வீசிவிடாதீர்கள், சுத்தம் செய்து மாட்டுங்கள். வெந்நீர் மட்டும் வீக் என்றால் கீசருக்குள் உப்பு, அல்லது அதன் நுழைவாயில் இருக்கும் வால்வ். வீடு முழுக்க வீக் என்றால் மொட்டைமாடிக்கு ஏறுங்கள்.

அங்கே நாங்கள் கண்டது இரண்டு. தொட்டியிலிருந்து ஒன்றேகால் இன்ச் குழாய் கிளம்பி, இரண்டடி தள்ளி ஒரு ரெடியூசரில் முக்கால் இன்ச்சாகி, அதுவே மூன்று வீட்டுக்கும் இறங்கியது. கீழ்வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் மேலே ஷவர் சொட்டும். மற்றது, அந்தக் குழாய் கைப்பிடிச் சுவரைத் தாண்ட ஓர் அடி மேலேறி மறுபடி இறங்கியது. அந்தக் கூனின் உச்சியில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். தொட்டி காலியாகி மறுபடி நிறையும் ஒவ்வொரு முறையும் இப்படி ஆகும். தள்ளும் அழுத்தம் கால் பார்தான், அந்தக் காற்றுக் குமிழைத் தள்ள அதற்குச் சக்தி இல்லை.

கைப்பிடிச் சுவரில் துளை போட்டுக் குழாயைச் சரிவாகவே இறக்கினோம். தொட்டி வால்வைத் தாண்டியதும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, காற்று வெளியேற ஒரு அரை இன்ச் குழாயைத் தொட்டியின் தலைக்கு மேல் வரை நிமிர்த்திவிட்டோம். அதன் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, கொசு போகாமல் வலை கட்டினோம். மேல்மாடிக்குத் தனியாக ஒரு இன்ச் குழாய், கீழ் இரண்டு வீட்டுக்கும் ஒன்றேகால் இன்ச். அரை இன்ச் என்பது தண்ணீர் திறக்கும் குழாய்க்கு முன்னால் கடைசி ஒன்றிரண்டு அடிக்கு மட்டும். இவ்வளவில் ஷவர் தாங்கும்படி ஆகிவிட்டது.

தொட்டியை இன்னும் தூக்கலாமே என்று பலர் கேட்பார்கள். தூக்கலாம், ஒரு மீட்டருக்கு 0.1 பார் கிடைக்கும். ஆனால் ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. மேடை தூண் மேலோ பீம் மேலோ நிற்க வேண்டும், வெறும் கூரையில் செங்கல் அடுக்கி நிறுத்தக் கூடாது. பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

பிரஷர் பம்ப் தேவைப்படும் வீடுகளும் உண்டு. மழை போல் கொட்டும் அகல ஷவர், சில வாஷிங் மெஷின், ஆர்.ஓ. மெஷின் இவற்றுக்கெல்லாம் குறைந்தபட்சம் இத்தனை பார் வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். கால் பாரில் மெஷின் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருந்து நடுவில் நின்றுவிடும். அப்போது தொட்டிக்கு அடுத்து, தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பம்பை வையுங்கள். அதற்கு முன் குழாய்களை அகலமாக்கிவிடுங்கள். குறுகிய குழாயில் பம்ப் போட்டால் சத்தமும் கரண்ட் பில்லும் கூடும், தண்ணீர் கொஞ்சம்தான் கூடும். பழைய இணைப்புகள் இத்தனை வருடம் கால் பாருக்குப் பழகியவை. திடீரென்று ஒன்றரை பார் கொடுத்தால் சுவருக்குள் கசிய ஆரம்பிக்கும், அதனால் அளவான பம்பே போதும்.

பம்பைச் சுற்றி ஒரு மாற்றுவழிக் குழாயையும், அதில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வையும் மறக்காமல் போடச் சொல்லுங்கள். பம்ப் ஓடும்போது வால்வ் தானாக மூடிக்கொள்ளும், இல்லையென்றால் தண்ணீர் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். கரண்ட் போனால் அதே வால்வ் திறந்து, தொட்டித் தண்ணீர் பழையபடி தன் எடையிலேயே இறங்கி வரும்.